எல்லை தாண்டிய காவிரிக் குடும்பம்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி பிற்பகலில் மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களை வழக்கமான நேரத்துக்கு முன்பாகவே வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கின. தில்லியில் உச்ச நீதிமன்றம் அன்று தனது முந்தைய உத்தரவைத் திருத்தியிருந்தது. தமிழகத்துக்குக் காவிரியில் வினாடிக்கு 15 ஆயிரம் கன அடி வீதம் 10 நாள்களுக்குத் தண்ணீர் திறக்க வேண்டும் என்பது செப்டம்பர் 5-இல் இடப்பட்ட உத்தரவு. அது 12 ஆயிரம் கன அடியாகக் குறைக்கப்பட்டது. ஆனால் செப்டம்பர் 20 வரை நீட்டிக்கப்பட்டது. அளவு குறைந்ததில் தமிழகத்துக்கு வருத்தம். நாள்கள் கூடியதில் கர்நாடகத்துக்குக் கோபம். ஒரே உத்தரவில் இரு மாநிலங்களும் தாம் தோற்றுவிட்டதாக எண்ணிய விநோதம் அன்று நிகழ்ந்தது.

மாலைக்குள் பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட வாகனங்கள் தேடித்தேடி எரிக்கப்பட்டன. ஒரு தனியார் நிறுவனத்தின் பணிமனையில் மட்டும் 40-க்கும் மேற்பட்ட பஸ்கள் சாம்பலாயின. ஹெக்கனஹள்ளியில் போலீஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. தமிழகமும் அன்று அமைதியாக இருந்துவிடவில்லை. சென்னையில் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள் நடத்தும் ஹோட்டல் தாக்கப்பட்டது. ராமேசுவரத்தில் கர்நாடகப் பதிவெண் கொண்ட வாகனங்கள் நொறுக்கப்பட்டன. அடுத்த சில நாள்களில் மன்னார்குடியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்னையில் காவிரிக்காகத் தீக்குளித்து மாண்டார்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் சாலையில் சுமார் 15 கி.மீ. சென்றால் கர்நாடகத்தின் கடைசி ஊரான அட்டிபெலே வரும். அதற்கப்பால் தமிழகத்தின் ஜூஜூவாடி. பஸ்கள் நிறுத்தப்பட்டதால் பெட்டிகளையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டு மக்கள் அந்த எல்லையை நடந்தே கடந்தனர். நாட்டிலேயே நவீனமானது எனக் கருதப்படும் தொழில் நகரின் வாசலில் நடந்த காட்சி அது.

அருகருகே அமர்ந்தும்...

கர்நாடக அரசின் மின்னணு வளர்ச்சிக் கழகமான "கியோனிக்ஸ்" 1970-களின் பிற்பகுதியில் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் உருவாக்கிய பகுதி எலெக்ட்ரானிக் சிட்டி. அதன் மூலகர்த்தா ஆர்.கே. பாலிகா. பெங்களூரை "சிலிக்கான் பள்ளத்தாக்கு" ஆக்க வேண்டும் என்ற அவரது கனவை அன்று பலரும் நம்பவில்லை. பின்னாளில் இன்ஃபோசிஸ், விப்ரோ போன்ற நிறுவனங்கள் அங்கே வளாகங்களை அமைத்தன. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தொடங்கித் தென்கோடி வரையிலான தமிழகப் பொறியியல் பட்டதாரிகளுக்கு அது கனவுப் பிரதேசமாயிற்று. வார இறுதியில் ஓசூர் வழியாகச் சொந்த ஊருக்குச் சென்று திங்கள்கிழமை காலையில் திரும்புவோரின் கூட்டத்தை அந்தச் சாலை நன்கு அறியும். தமிழக அரசியல் வாசகர்களுக்கோ இப்பகுதி வேறொரு காரணத்தாலும் பரிச்சயம். பரப்பன அக்ரஹாரா சிறைச்சாலை பக்கத்திலேயே உள்ளது.

இங்கே தமிழரும் கன்னடரும் ஒரே கூடத்தில், பல நேரங்களில் ஒரே மேஜையில் பணிபுரிகின்றனர். மதிய உணவைப் பகிர்ந்துகொள்கின்றனர். கிரிக்கெட்டும் சினிமாவும் சம்பள உயர்வும் பேசுகின்றனர். காவிரி மட்டும் பேச்சில் வராது. வந்தால் சிக்கல் என்பது எழுதப்படாத விதி. சமூகங்கள் கலந்து வாழ்ந்தால் புரிதல் தானாக வளரும் என்ற நம்பிக்கையை எலெக்ட்ரானிக் சிட்டி முழுமையாக மெய்ப்பிக்கவில்லை. அருகில் இருப்பது வேறு, அறிந்திருப்பது வேறு. பேசாமல் தவிர்ப்பது நட்பைக் காப்பாற்றலாம். எதிர்த்தரப்பு ஏன் அப்படி நினைக்கிறது என்பதை அது ஒருபோதும் சொல்லித் தராது.

இத்தனைக்கும் இந்த மண்ணில் இரு மொழிகளும் நேற்று சந்தித்தவை அல்ல. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அருகில் உள்ள பேகூர் கோயிலில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டில்தான் "பெங்களூரு" என்ற பெயர் முதன்முதலாக இடம்பெறுகிறது. அதே ஓசூர் சாலையில் உள்ள மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இந்த வரலாற்றை இரு தரப்பும் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது.

இரண்டு அணை, இரண்டு செய்தி

பருவமழை தவறும் ஆண்டுகளில் தமிழ் நாளிதழ்களில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் முதல் பக்கத்துக்கு வரும். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. என்பது டெல்டா மாவட்டப் பள்ளி மாணவனுக்கும் தெரியும். கன்னட நாளிதழ்களில் கிருஷ்ணராஜசாகர் அணையின் நீர்மட்டம் அதே இடத்தில் வரும். 124.8 அடி என்ற எண் மண்டியாவில் அத்தனை பிரபலம். ஆனால் மேட்டூரில் எத்தனை அடி என்பது மண்டியாவுக்குத் தெரியாது. கிருஷ்ணராஜசாகரில் எத்தனை அடி என்பது மன்னார்குடிக்குத் தெரியாது. தெரிந்தாலும் நம்புவதில்லை. "அங்கே தண்ணீர் நிரம்பி வழிகிறது, நமக்குத் தர மனமில்லை" என்று இங்கே பேச்சு. "அங்கே மூன்று போகம் விளைகிறது, நம் குடிநீரையும் கேட்கிறார்கள்" என்று அங்கே பேச்சு.

இரு தரப்பு வாதங்களும் வெறும் உணர்ச்சியில் பிறந்தவை அல்ல. 1924-இல் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தம் மைசூர் புதிதாக 1.10 லட்சம் ஏக்கரிலும் சென்னை 3.01 லட்சம் ஏக்கரிலும் பாசனத்தை விரிவுபடுத்த வழிசெய்தது. பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்த மாகாணத்துக்கும் அவர்களுக்குக் கட்டுப்பட்ட சமஸ்தானத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் சமத்துவம் எங்கே இருந்தது என்பது கர்நாடகத்தின் கேள்வி. தாமதமாகப் பாசனத்தில் இறங்கியதற்காக என்றென்றும் தண்டிக்கப்பட வேண்டுமா என்றும் அது கேட்கிறது. தமிழகத்தில் இந்தக் கேள்வியை எடுத்துச் சொல்லும் அரசியல்வாதி அரிது. சொன்னால் அவர் துரோகியாவார்.

தமிழகத்தின் கேள்வியும் அதே வலுவுடையது. கல்லணைக் காலம் முதல் பாசனம் பெற்றுவந்த நிலத்தின் உரிமை, மேலே இருப்பவர் அணை கட்டிக்கொண்டதால் இல்லாமற்போகுமா? 1970-களிலும் அதன் பின்னரும் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் எழுந்தபோது கீழ்ப்பகுதியின் ஒப்புதலை யார் கேட்டனர்? 1924 ஒப்பந்தத்தின் 50 ஆண்டுகள் 1974-இல் நிறைவடைந்தன. அது காலாவதியாயிற்று என்றது கர்நாடகம். மறுபரிசீலனைக்கு மட்டுமே உரியது என்றது தமிழகம். பெங்களூர் நகருக்குக் காவிரிக் குடிநீர் முதன்முதலாக வந்து சேர்ந்ததும் அதே 1974-இல்தான்.

உண்மையில் சண்டை நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் எழுவதில்லை. தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் பொய்க்கும்போதுதான் எழுகிறது. மேலும், அது மொத்த அளவைவிட நேரத்தைப் பற்றிய சண்டை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கர்நாடக விவசாயி தன் பயிருக்குத் தண்ணீர் விடும் அதே நாள்களில்தான் டெல்டாவில் குறுவை வளர வேண்டும், சம்பா நாற்று விட வேண்டும். தமிழகத்துக்கு இன்று உரியதாக உள்ள 177.25 டி.எம்.சி.யில் 123.14 டி.எம்.சி. இந்த நான்கு மாதங்களுக்கானது. அக்டோபரில் பெருமழை பெய்து உபரி நீர் வந்தால் ஆண்டுக் கணக்கு சரியாகிவிடும், கருகிய பயிர் முளைக்காது. இந்த நுட்பம் தொலைக்காட்சி விவாதங்களில் வருவதேயில்லை.

சென்னையில் ஓர் ஏப்ரல்

2002 கொடிய ஆண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவு, கர்நாடக முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணாவின் பாத யாத்திரை, நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, கபினியில் தண்ணீர் திறப்பைக் கண்டித்து ஒரு விவசாயி நீரில் குதித்து உயிரிழந்தது, நெய்வேலியில் தமிழ்த் திரையுலகினர் நடத்திய போராட்டம் என்று அந்த ஆண்டு கழிந்தது. பிரதமர் தலைமையிலான காவிரி நதி நீர் ஆணையம் 1998 முதல் இருந்தும் பயனில்லை. மேட்டூர் அணை அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை.

இந்தச் சூழலில் 2003 ஏப்ரலில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் ஒரு முயற்சியை மேற்கொண்டார். இரு மாநிலக் காவிரிப் பாசன விவசாயிகளை நேருக்கு நேர் உட்கார வைப்பது. அமைச்சர்கள் இல்லை, வழக்கறிஞர்கள் இல்லை. இந்த நிறுவனத்துக்கு இது முற்றிலும் புதிய சிந்தனையும் அல்ல. தமிழக அரசின் முன்னாள் நிதிச் செயலரும் அங்கே பணியாற்றியவருமான எஸ். குகன், காவிரிப் பிரச்னையில் சமரசத்தை வலியுறுத்தி 1993-லேயே நூல் எழுதியிருந்தார். மத்திய நீர்வளத் துறையின் முன்னாள் செயலர் ராமசாமி ஆர். ஐயரும் புதிய முயற்சிக்குத் துணை நின்றார்.

தமிழகத் தரப்பில் முக்கியமானவர் மன்னார்குடி எஸ். ரங்கநாதன். காவிரி வழக்கின் வேரே டெல்டா விவசாயிகள் சங்கம் 1983-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த மனுதான். அந்த மனுவின் பேரில்தான் 1990 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட, ஜூன் 2-இல் நடுவர் மன்றம் அமைந்தது. ரங்கநாதன் அந்தச் சட்டப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர். கர்நாடகத் தரப்பில் கே.எஸ். புட்டண்ணய்யா. கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தின் தலைவர், மண்டியா மாவட்டத்துக்காரர், சட்டப்பேரவை உறுப்பினராகவும் இருந்தவர். இருவரில் ஒருவரும் "மிதவாதி" அல்ல. தத்தம் மாநிலத்தில் கடுமையாகப் போராடியவர்கள். நடுநிலையாளர்களை அழைத்துப் பேசவைத்திருந்தால் அது கருத்தரங்காக முடிந்திருக்கும். விட்டுக்கொடுக்கும் அதிகாரம் தங்கள் ஊரில் உள்ளவர்களை அழைத்ததே இம்முயற்சியின் சிறப்பு.

பேச்சோடு நிற்காமல் ஒருவர் பகுதிக்கு மற்றவர் சென்று பார்ப்பது என்று முடிவாயிற்று. கர்நாடக விவசாயிகள் டெல்டாவுக்கு வந்தனர். தமிழக விவசாயிகள் கர்நாடகப் பாசனப் பகுதிகளுக்குச் சென்றனர். இரு மாநில விவசாயிகளையும் கொண்ட குழு ஒன்று அமைந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் "காவிரிக் குடும்பம்".

வயலில் கண்டவை

மூன்று போகம் விளையும் பூமி என்று கேள்விப்பட்டிருந்த டெல்டாவில் கர்நாடக விவசாயிகள் கண்டது குறுவை இழந்த, சம்பாவும் பொய்த்த நிலங்களை. தண்ணீர் வராவிட்டால் பட்டினி கிடப்பவர் நிலக்கிழார் அல்லர். நடவும் களையெடுப்பும் அறுப்பும் நம்பி வாழும், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள் என்பது கீழத் தஞ்சையின் கதை. கர்நாடகத்தில் நடக்கும் விவாதங்களில் இந்தத் தொழிலாளி இடம்பெற்றதே இல்லை. "டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறதே" என்ற வாதமும் அங்கே சோதனைக்குள்ளாயிற்று. மேல் டெல்டாவில் ஆழ்குழாய்க் கிணறுகள் உண்டு. கடலோரக் கடைமடைப் பகுதிகளிலோ நிலத்தடி நீர் உப்பு. வாதம் பாதி உண்மை; அந்தப் பாதி எங்கே முடிகிறது என்பதை வயலில் நின்றால்தான் காண முடியும்.

தமிழக விவசாயிகளுக்கும் அதிர்ச்சி காத்திருந்தது. மண்டியா என்றால் கரும்புக் காடு, செழிப்பு என்பதே இங்குள்ள சித்திரம். விசுவேசுவரய்யா கால்வாய்ப் பாசனத்தில் கரும்பு இருப்பது உண்மை. ஆனால் கால்வாய்க்கு வெளியே கேழ்வரகை நம்பிய மானாவாரி நிலங்கள் விரிகின்றன. பாறைப் பகுதியாதலால் கிணறு தோண்டினாலும் நீர் அரிது. டெல்டாபோல வண்டல் மண்ணும் அங்கே இல்லை, அக்டோபரில் கைகொடுக்க வடகிழக்குப் பருவமழையின் பெரும் பங்கும் இல்லை. அணைக்குப் பக்கத்துக் கிராமமே குடிநீருக்குத் தவிக்கும்போது, அந்த அணையிலிருந்து வேறு மாநிலத்துக்கு நீர் செல்வதைக் காணும் விவசாயியின் மனநிலையைத் தஞ்சையில் இருந்தபடி கணிக்க முடியாது. பின்னர் 2015-இல் இதே மண்டியா மாவட்டத்தில் கடன்பட்ட விவசாயிகளின் தற்கொலைகள் கர்நாடகத்தை உலுக்கின. தமிழகத்தில் அது சிறு செய்தியாகவே வந்தது.

இதனால் யாரும் கட்சி மாறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரைத சங்கம் 2012-லும் 2016-லும் தமிழகத்துக்குத் தண்ணீர் திறப்பதை எதிர்த்துப் போராடியது. நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பை அரசிதழில் வெளியிட வேண்டும் என்று டெல்டா விவசாயிகள் இடைவிடாது வலியுறுத்தினர். அது 2013 பிப்ரவரியில் வெளியாயிற்று. ஆனாலும் குடும்பத்தின் கூட்டங்கள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. எதிராளியைப் புரிந்துகொள்வது என்றால் அவருடன் உடன்படுவது என்று பொருள் கொள்வோர் இந்த முயற்சியைத் தோல்வி என்பர்.

ஒரு வகையில் அது தோல்விதான். பற்றாக்குறை ஆண்டில் இழப்பை எப்படிப் பங்கிடுவது என்ற ஒரே கேள்விக்கு இரு தரப்பும் கையெழுத்திடும் சூத்திரம் எதையும் குடும்பம் கண்டடையவில்லை. அதைக் கண்டிருந்தாலும் அரசுகள் ஏற்றிருக்குமா என்பது ஐயமே. சென்னையிலும் பெங்களூரிலும் ஆட்சிக்கு வந்த கட்சிகள் எவையும் இதைத் தம் முயற்சியாகக் கருதவில்லை. உச்ச நீதிமன்றத்தின் யோசனைப்படி 2012 நவம்பர் 29-இல் தமிழக முதல்வர் ஜெயலலிதா பெங்களூர் சென்று கர்நாடக முதல்வர் ஜெகதீஷ் ஷெட்டரைச் சந்தித்தார். பேச்சு ஒரே நாளில் முறிந்தது. விவசாயிகளால் ஆண்டுக் கணக்கில் பேச முடிந்தது, முதல்வர்களால் ஒரு நாளைத் தாண்ட முடியவில்லை. முதல்வர்களைப் பின்னாலிருந்து கவனிக்க ஊடகங்களும் எதிர்க்கட்சிகளும் இருந்தன என்பதே இதற்கு முக்கியக் காரணம்.

எனினும் கிராமம் நல்லது, நகரம் தீயது என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. நடுவர் மன்றத்தின் 205 டி.எம்.சி. இடைக்காலத் தீர்ப்பு 1991 டிசம்பரில் அரசிதழில் வெளியானதும் மூண்ட வன்முறையில் குறைந்தது 18 பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான தமிழர்கள் கர்நாடகத்தை விட்டு வெளியேறினர். பெங்களூரின் குடிசைப் பகுதிகள் மட்டுமல்ல, கொள்ளேகால் வட்டாரம் போன்ற கிராமப்புறங்களில் குடியேறியிருந்த தமிழ் விவசாயிகளும் தாக்கப்பட்டனர். 12 ஆண்டுகளுக்குப் பின் சென்னையில் எதிரெதிரே அமர்ந்தவர்களுக்கு அந்த நினைவு இல்லாதிருக்க வழியில்லை.

மொழியும் வேலையும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் காவிரி பேசப்படாததற்கு இன்னொரு காரணம், அங்கே அது தண்ணீரைப் பற்றியது மட்டுமல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெங்களூரில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு. தலைநகரிலேயே தாம் சிறுபான்மையாகிவிட்டோம் என்ற கன்னடர்களின் கவலையைத் தமிழகத்தில் பலர் "கன்னட வெறி" என்ற ஒரு சொல்லில் கடந்துவிடுகின்றனர். 1982-இல் கோகாக் போராட்டம், 1980-களில் உள்ளூர்வாசிகளுக்கு வேலைவாய்ப்பு குறித்து ஆராய்ந்த சரோஜினி மகிஷி குழு என்று இதற்கு நீண்ட வரலாறு உண்டு. தனியார் துறையில் கன்னடர்களுக்கு இடஒதுக்கீடு அளிக்கும் மசோதாவுக்கு 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்து, தொழில் துறையினரின் எதிர்ப்பால் உடனே நிறுத்திவைத்தது. இந்தி ஆதிக்கத்தைப் பற்றிய கவலை நியாயமானது என்று கருதும் தமிழ் வாசகருக்கு, மொழி பற்றிய கன்னடரின் கவலை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. ஆனால் தோன்றுகிறது.

மறுபுறம், தம்மூரில் தலைமுறைகளாக வாழும் தமிழரைக் கன்னட அமைப்புகள் காவிரிக்குப் பிணையாக வைப்பதும் நியாயமில்லை. அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் தயாரான திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் முதல்வர் கருணாநிதி 2009 ஆகஸ்ட் 9-இல் அதைத் திறந்துவைத்தார். நான்கு நாள்கள் கழித்துக் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. நல்ல நிகழ்ச்சிதான். ஆனால் சிலைகள் திறந்த ஏழே ஆண்டுகளில் பஸ்கள் எரிந்தன. நடிகர் கமல்ஹாசன் கன்னட மொழியின் தோற்றம் குறித்துக் கூறிய ஒரு வாக்கியத்துக்காக 2025-இல் அவரது திரைப்படம் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. 2023 செப்டம்பரில் காவிரிப் போராட்டத்தின்போது பெங்களூரில் நடிகர் சித்தார்த்தின் செய்தியாளர் சந்திப்பை ஓர் அமைப்பினர் புகுந்து நிறுத்தினர். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கோரியவர், 2000-ஆம் ஆண்டில் வீரப்பனால் கடத்தப்பட்டு 108 நாள்கள் காட்டில் இருந்த ராஜ்குமாரின் மகன் சிவராஜ்குமார்.

நதிநீரைப் பகிரும் எதிரிகளை ஒருவர் ஊருக்கு மற்றவரை அழைத்துச் செல்லும் முயற்சி உலகில் வேறு இடங்களிலும் நடந்துள்ளது. ஜோர்டான், பாலஸ்தீனம், இஸ்ரேல் ஆகியவற்றைச் சேர்ந்த சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் இணைந்து நடத்தும் "இகோபீஸ்" அமைப்பு, எல்லையின் இருபுறமும் உள்ள ஊர்களை இணைகளாக்கித் தண்ணீர் குறித்துப் பேசவைக்கும் திட்டத்தை 2001-இல் தொடங்கியது. அங்கே நடந்த போர்களை அத்திட்டம் தடுத்துவிடவில்லை. அங்கே ராணுவங்கள் எதிரெதிரே நிற்கின்றன. இங்கே ஒரே நாடு, ஒரே உச்ச நீதிமன்றம். இருந்தும் மண்டியா விவசாயியும் மன்னார்குடி விவசாயியும் சந்திக்க ஒரு பேராசிரியர் தேவைப்பட்டார்.

தீர்ப்பும் பெங்களூரும்

தில்லியில் வழக்கு தன் போக்கில் நடந்தது. அதிலும் ஒரு நிகழ்ச்சி நினைவுகூரத்தக்கது. பல்லாண்டுகள் கர்நாடகத்துக்காக வாதாடிய மூத்த வழக்கறிஞர் ஃபாலி நாரிமன், உச்ச நீதிமன்ற உத்தரவை மாநிலம் நிறைவேற்றாத நிலையில் தாம் வாதிடப் போவதில்லை என்று 2016 செப்டம்பர் 30-இல் நீதிபதிகளிடம் தெரிவித்துவிட்டார். தன் கட்சிக்காரருக்கு எதிராக அவர் பேசவில்லை. அந்த வழக்கறிஞரைத் தமிழகமும் அன்று மதித்தது.

2018 பிப்ரவரி 16-இல் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. நடுவர் மன்றம் 2007-இல் நிர்ணயித்த 192 டி.எம்.சி. என்பது 177.25 ஆகக் குறைந்தது. குறைக்கப்பட்ட 14.75 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி. தமிழகத்தில் கிடைக்கும் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டது. விவசாயிகள் வயலில் நின்று விவாதித்த அதே நிலத்தடி நீர்தான். மீதி 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. நகரில் மூன்றில் ஒரு பங்கே காவிரிப் படுகையில் உள்ளது என்று நடுவர் மன்றம் கணக்கிட்டிருந்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. படுகைக்கு வெளியே இருந்தாலும் குடிநீர் தேவை தேவைதான் என்றது.

அந்தப் படுகைக் கோடு சுவாரஸ்யமானது. பெங்களூரின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளின் வடிநீர் காவிரிக்குச் செல்வதில்லை, தென்பெண்ணைக்குச் செல்கிறது. சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து மேலேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீரைப் பெங்களூர் குடிக்கிறது. அதன் கழிவின் ஒரு பகுதி தென்பெண்ணை வழியே ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து நுரை பொங்குகிறது. காவிரி நீரில் எலெக்ட்ரானிக் சிட்டியின் தமிழ் ஊழியருக்கும் பங்கு உண்டு. மேக்கேதாட்டு அணை வந்தால் அவர் வீட்டுக் குழாய்க்கும் நீர் வரும் என்கிறது கர்நாடகம்; தஞ்சையில் உள்ள அவருடைய உறவினரின் வயலுக்கு வராது என்கிறது தமிழகம். 2024 மார்ச்சில் பெங்களூரில் கடும் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டபோது தமிழகச் சமூக ஊடகங்களில் எழுந்த கேலியை, அந்த நகரில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த லட்சக்கணக்கான தமிழர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பர் என்பதைக் கேலி செய்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் திட்டமிடப்பட்டுள்ள மேக்கேதாட்டு அணைக்கு எதிரான தமிழகத்தின் மனு இந்தக் கட்டத்தில் முன்கூட்டியது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் கூறிவிட்டது. ஆக, அடுத்த மோதலுக்கான பொருள் தயாராகவே உள்ளது.

புட்டண்ணய்யா அந்த மோதலைக் காணமாட்டார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், 2018 பிப்ரவரி 18 இரவு, மண்டியாவில் கபடிப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் அவர் காலமானார். அப்போது அவர் மேலுகோட்டைத் தொகுதியின் சட்டப்பேரவை உறுப்பினர். அமெரிக்காவில் மென்பொருள் தொழில் நடத்திவந்த அவரது மகன் தர்ஷன், 2023 தேர்தலில் அதே தொகுதியில் வென்றார்.

தீர்ப்பின்படி 2018 ஜூன் மாதம் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைமையகம் தில்லி. தலைவர், இரு முழுநேர உறுப்பினர்கள், மத்திய அரசின் பகுதிநேர உறுப்பினர்கள் இருவர், நான்கு மாநிலங்களின் நீர்வளச் செயலர்கள், ஒரு செயலர் என்று அதன் அமைப்பு வகுக்கப்பட்டுள்ளது. அணைகளின் நீர்வரத்தைக் கண்காணிக்கும் ஒழுங்காற்றுக் குழுவில் தலைமைப் பொறியாளர்களும் வானிலைத் துறை, வேளாண் துறை அதிகாரிகளும் இடம்பெறுகின்றனர். மழை குறைந்த ஆண்டில் எந்த மாதம் எவ்வளவு நீர் என்பதை இவர்கள்தான் பேசி முடிவு செய்கின்றனர். இரு அமைப்புகளிலும் விவசாயிகளுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.